தேயிலை மணக்கும் காலத்தில் நாயின் காலைப் பாருங்கள்

எங்கள் வீட்டு நாய் மணி இரண்டு மாதம் நொண்டினான். வலது முன்காலில், விரல்களுக்கு நடுவே, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு வீக்கம். நக்கி நக்கி அந்த இடத்து மயிரே செம்பட்டையாகிவிட்டது. ஒருவரிடம் கொண்டுபோனோம். ஊசி போட்டார், மாத்திரை தந்தார், ஐந்து நாளில் வீக்கம் வற்றியது. இரண்டு கிழமை கழித்து அதே இடத்தில் மறுபடியும் மொச்சைக்கொட்டை. மறுபடியும் ஊசி. மூன்றாவது முறை வேறொரு மிருக வைத்தியரிடம் போனோம். அவர் நாயின் காலைப் பார்ப்பதற்கு முன்னால் என் காற்சட்டையைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே முழுக்கப் புல் விதை.

"எந்தப் பாதையால் நடந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார். பத்தனைக்குள்ளால், அதாவது மலைப் புல்வெளிக்குள்ளால், வரும் குறுக்குப் பாதையைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மணிக்கு மயக்க மருந்து கொடுத்தார். வீக்கத்தைக் கீறி, மெல்லிய இடுக்கியால் துழாவி, எதையோ எடுத்துப் பஞ்சில் வைத்தார். கறுத்துப்போன ஒரு புல் விதை. ஓர் அரிசியளவுகூட இல்லை. அதற்காகத்தான் இரண்டு மாதம்.

புல் விதை ஒட்டும், குத்தும் என்பது இலங்கை மலையகத்தில் பிறந்த எவருக்கும் புதிதல்ல. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தாண்டிச் சேலையில் ஏறும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காலுறையில் ஏறும். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து பிடுங்கிப் போடுவோம். நாய்க்கு அப்படிப் பிடுங்கக் கையில்லை. அது மட்டுமல்ல, சில விதைகள் ஒட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. நடக்கத் தொடங்கிவிடுகின்றன. விதை எப்படி நடக்கும் என்பது விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

விதைக்குள் இருக்கும் திருகாணி

ஊவாப் பக்கத்து வறண்ட பத்தனைகளில் ஊசிப்புல் என்று ஒன்று உண்டு. விதை முற்றும்போது அதன் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, செம்பழுப்பு நிறத்தில் திரித்த கயிறு போலத் தொங்கும். அதிலிருந்து ஒரே ஒரு விதையை உருவி எடுத்துப் பாருங்கள். விதை சில மில்லிமீற்றர்தான் இருக்கும். அதன் பின்னால் 5 முதல் 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு வால். முன்னால் ஊசி போன்ற கூர். அந்தக் கூரைச் சுற்றி விறைத்த சிறு மயிர்கள், எல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்தவை. தூண்டில் முள்ளில் இருக்கும் எதிர்க்கொக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். போகும்போது படிந்து வழிவிடும், திரும்பும்போது விரிந்து மறிக்கும்.

வாலின் வேலை இன்னும் சுவாரசியமானது. அது காய்ந்திருக்கும்போது கயிறு போல முறுக்கிக்கொள்ளும், ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். பகல் வெயிலில் முறுக்கும், இரவுப் பனியில் அவிழ்ப்பு. இப்படி மாறி மாறித் திரும்பும் வால், விதையைத் திருகாணி போல மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. பத்தனைக்கு யாராவது நெருப்பு வைத்தாலும் மண்ணுக்குள் இறங்கிய விதை தப்பிக்கும், அடுத்த மழைக்கு முளைக்கும். புல்லின் பக்கமிருந்து பார்த்தால் மிக நேர்த்தியான ஏற்பாடு. நம்ப முடியாதவர்கள் காய்ந்த விதை ஒன்றை மேசையில் வைத்து வாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். உயிருள்ள புழு போல மெல்லச் சுற்றும். பிள்ளைகளுக்குக் காட்டினால் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும்.

இந்தக் கருவிக்கு மண்ணும் ஒன்றுதான், நாயின் தோலும் ஒன்றுதான். கூர் முதலில் மயிருக்குள் போகிறது, பிறகு தோலைத் தொடுகிறது. வால் பெரும்பாலும் எங்கேயாவது ஒடிந்து விழுந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு வால் தேவையில்லை. நாய் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும், தசையின் ஒவ்வோர் அசைவும் விதையைக் கொஞ்சம் தள்ளும். பின்சாய்ந்த மயிர்கள் அதைத் திரும்பி வர விடாது. முன்னே மட்டும் போக முடிந்த ஒரு பொருளை ஆட்டிக்கொண்டே இருந்தால் அது முன்னேதானே போகும்? கதிர் ஒன்றை சுவெட்டர் கைக்குள் செருகி, கையை வீசி நடந்து பாருங்கள். மணிக்கட்டில் வைத்தது முழங்கைக்கு ஏறியிருக்கும்.

உள்ளே போன பிறகு என்ன? முள்ளோ சிராயோ குத்தினால் சீழ் கட்டி வெளியே தள்ளிவிடும் என்று நினைப்போம். சில நேரம் அப்படி நடக்கவும் செய்யும். ஆனால் புல்லின் உடம்பு நார்ப்பொருளாலும் சிலிக்காவாலும் ஆனது. நாயின் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. விதை தன்னோடு மண்ணையும் கிருமியையும் கொண்டுபோகிறது. உடம்பு அதைச் சுற்றிச் சீழ் கட்டுகிறது, தோலில் ஓர் ஓட்டை விழுகிறது, சீழ் வடிகிறது, ஆறியது போலத் தெரிகிறது. விதை அங்கேயே இருக்கிறது, அல்லது இன்னும் சற்று உள்ளே போயிருக்கிறது. ஆகவேதான் கிருமிகொல்லி மருந்து கொடுக்கும்போது வற்றிய வீக்கம், மருந்து முடிந்ததும் திரும்பி வருகிறது. ஒரே இடத்தில் இரண்டாம் முறை வீக்கம் வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் இதைத் தெரிந்துகொள்ள மூன்று முறை ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தேன்.

எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா என்று கேட்பார்கள். எலும்பும் உலோகமும் தெரியும், காய்ந்த புல் பொதுவாகத் தெரியாது. ஸ்கேன் சில இடங்களில் உதவும். மற்றபடி வைத்தியர் சந்தேகப்பட்டுத் துழாவினால்தான் உண்டு.

எந்தப் புல், எந்த மாதம்

ஒட்டுகிற எல்லாமே ஆபத்தில்லை. தேயிலை மலையில் களையாக வளரும், வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட அந்தச் செடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பூ உதிர்ந்ததும் கறுப்பு ஊசிகள் உருண்டையாக விரிந்து நிற்கும். ஒவ்வோர் ஊசியின் தலையிலும் இரண்டு மூன்று கொம்பு. அது நாயின் வாலையும் காதையும் சடையாக்கிவிடும், ஆனால் பெரும்பாலும் மேலேயே நிற்கும். நாயுருவியும் அப்படித்தான். பெயரிலேயே நாயைச் சுமந்துகொண்டிருந்தாலும் அது பெரிய குற்றவாளி இல்லை. இவற்றை ஒட்டுபவை என்று வைத்துக்கொள்வோம்.

நமக்குக் கவலை தருபவை துளைப்பவை. ஊசிப்புல்லைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று சிங்களத்தில் துத்திரி என்று அழைக்கப்படும் குட்டைப் புல். ஆட்கள் மிதிக்கும் இடம்தான் அதற்குப் பிடித்த இடம்: ஒற்றையடிப் பாதை, விளையாட்டு மைதானம், லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் உள்ள வெட்டவெளி. தரையோடு படர்ந்து, ஊதா கலந்த மெல்லிய கதிரை உயர்த்தும். வால் சின்னது, ஆனால் கூரும் பின்மயிரும் ஊசிப்புல்லுக்குச் சளைத்தவை அல்ல. மிருகங்களின் காலிலும் வாயிலும் புண் உண்டாக்கும் புல் என்று பேர்பெற்றது. பத்தனை வேண்டாம் என்று நாயை வாசலிலேயே வைத்திருப்பவர்களுக்கும் இது வரும்.

மானாப்புல்லின் மீதுதான் ஊரில் பழி போடுவது வழக்கம், அது உயரமாக நின்று கண்ணில் படுவதால். அதன் இலை கையை அறுக்கும், உண்மைதான். ஆனால் அதன் விதையில் நீண்ட துளைக்கும் வால் கிடையாது. மானாப்புல்லுக்கு இடையிடையே நிற்கும் மற்றப் புற்களைத்தான் பார்க்க வேண்டும்.

மாதத்துக்கு வருவோம். செல்லப்பிராணிகளைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்படுபவை, கோடை வந்ததும் புல் விதையில் கவனம் என்று சொல்லும். அவர்களின் கோடை மே, ஜூனில் ஆரம்பிக்கும். அந்த மாதங்களில் அட்டனில் குடையில்லாமல் கடைத்தெருவுக்குப் போக முடியாது. அங்கே காட்டப்படும் புல்லும் நம்முடையது அல்ல, நரிவால் போலக் கதிர் விடும் வேறு சாதி. அந்த ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொண்டால் மழையில் நனைந்த நாயின் காலைத் துழாவிக்கொண்டிருப்போம், வெயில் வந்ததும் மறந்துவிடுவோம்.

மலையகத்துக்கு ஒரு கோடை இல்லை, இரண்டு உண்டு. நடு மலைத்தொடர் அதைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது அட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் மழை. மேற்குச் சரிவிலேயே தண்ணீரை இறக்கிவிட்டு மலையைத் தாண்டும் காற்று, வெறுங்கையோடு வெலிமடை, பண்டாரவளை, பதுளை பக்கம் இறங்குகிறது. இன்னும் கிழக்கே மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்வார்களே, அதே காற்று. ஜூன் முடிந்து செப்டெம்பர் வரை அது ஊவாவைக் காயவைக்கும். மேற்குச் சரிவுக்கு வறட்சி வருவது ஜனவரி முதல் மார்ச் வரை.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தொழிற்சாலைப் பக்கம் போனால் போதும். ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும் பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மேற்குச் சரிவில் விளையும் திம்புள்ளத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. கொழுந்துக்குள் மணத்தை ஏற்றும் அதே வறண்ட காற்றுதான் புல்லின் கதிரையும் முற்றவைத்து உதிர்க்கிறது. உங்கள் பக்கத்துத் தேயிலை நன்றாக மணக்கிறது என்று கேள்விப்பட்டால் அன்று மாலையிலிருந்து நாயின் காலைப் பார்க்கத் தொடங்கலாம். பருவம் முடிந்தும் சில கிழமைகளுக்கு விட்டுவிட வேண்டாம். உதிர்ந்த விதை பாதையில் கிடக்கும்.

எங்கே நுழையும், எப்படித் தெரியும்

கால்விரல்களின் இடுக்குத்தான் முதலிடம். நாய் அந்தக் காலையே ஓயாமல் நக்கும். முதலில் சிவப்பு, பிறகு வீக்கம், பிறகு சிறு துளை, அதில் நீரோ சீழோ. நொண்டுவது எப்போதும் இருக்காது. மணி நொண்டினான், ஆனால் பக்கத்து லயத்து நாய் ஒன்று இதே தொல்லையோடு முயலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. மனிதக் காதைப் போல நாயின் காதுத் துளை நேரே உள்ளே போவதில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு முழங்கை மடங்குவது போல உள்பக்கம் திரும்பும். மேலிருந்து டோர்ச் அடித்தால் வளைவு வரைதான் தெரியும். அதற்கு அப்பால், செவிப்பறைக்குப் பக்கத்தில், விதை சாய்ந்திருக்கும். காலையில் நன்றாக இருந்த நாய், புல்லுக்குள் ஓடிவிட்டு வந்ததும் திடீரென்று தலையை உதறுகிறது, ஒரு காதை மட்டும் பிறாண்டுகிறது, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம். இரண்டு காதிலும் மெல்ல மெல்ல வந்த அரிப்பு வேறு நோயாக இருக்கலாம். ஒரே காதில், ஒரே நாளில் வந்தது பெரும்பாலும் விதை.

காது வலி என்றதும் நம் வீடுகளில் தேங்காயெண்ணெயைக் காய்ச்சி விடும் பழக்கம் இருக்கிறது. பூண்டு வேறு போடுவார்கள். தயவுசெய்து நாய்க்கு அதைச் செய்யாதீர்கள். விதை ஏற்கெனவே செவிப்பறையைத் துளைத்திருந்தால் ஊற்றிய எண்ணெய் நடுக்காதுக்குள் போகும். பஞ்சு சுற்றிய குச்சியும் வேண்டாம், அது விதையை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். வைத்தியரே பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் காதுக்குள் கருவியை விடுவார். வலியில் உதறும் தலையில் வீட்டு இடுக்கியை விட நாம் யார்?

மூக்கில் ஏறினால் தும்மல். ஒன்றிரண்டு அல்ல, அடுக்கடுக்காக, மூக்குத் தரையில் மோதும் அளவுக்கு. ஒரு துவாரத்தில் மட்டும் இரத்தம் வரலாம். இதில் ஒரு ஏமாற்றம் உண்டு: சில மணி நேரத்தில் தும்மல் தானாக நின்றுவிடும். விதை வெளியே வந்துவிட்டது என்று நினைப்போம். அது உள்ளே, கூச்சம் குறைந்த இடத்துக்குப் போயிருக்கவும் கூடும். சில நாள் கழித்து அந்த ஒரு துவாரத்தில் மட்டும் சளியும் நாற்றமும் வந்தால் சந்தேகம் உறுதியாகும். ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் அட்டை ஏறினாலும் இதே தும்மலும் இரத்தமும்தான். எதுவாக இருந்தாலும் போகவேண்டிய இடம் ஒன்றே.

கண்ணில் விழுந்தால் நாய் ஒரு கண்ணை இறுக்கி மூடும், நீர் வழியும், முன்காலால் தேய்க்கும். நாய்க்கும் பூனைக்கும் கண்ணின் உள்மூலையில் மூன்றாவது இமை ஒன்று இருக்கிறது. விதை அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் ஒவ்வொரு சிமிட்டலிலும் கருவிழியைக் கீறும். இதில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சுத்தமான ஆறிய தண்ணீரால் மெதுவாகக் கழுவிக்கொண்டு அன்றைக்கே கிளம்ப வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களின் கண் மருந்தை விடக் கூடாது. சில மருந்துகள் கீறலைப் புண்ணாக்கிவிடும்.

அக்குள், தொடை இடுக்கு, பிறப்புறுப்புப் பக்கம் ஆகியவையும் தோல் மெல்லிய இடங்கள். அரிதாக, வேகமாக ஓடும்போது மூச்சோடு விதை நுரையீரலுக்குள் போவதும் உண்டு. அப்போது இருமலும் காய்ச்சலும் வரும், நாய் சோர்ந்து சாப்பாட்டை ஒதுக்கும். அங்கிருந்து விதை இடுப்புப் பக்கம் வரை நகர்ந்து சீழ் கட்டிய நாய்களை மிருக வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் புல்லுக்குள் ஓடியதையும் சொல்லிவையுங்கள்.

பூனை தன்னைத் தானே துப்புரவாக வைத்துக்கொள்வதால் காலில் விதை தங்குவது குறைவு. ஆனால் புல் தின்னும் பழக்கம் அதற்கு இருக்கிறது. தின்ற புல்லின் தாள் ஒன்று தொண்டையின் மேற்பக்கம், மூக்கின் பின்வாசலில் சிக்கிக்கொண்டு தும்மலும் குமட்டலும் தருவது உண்டு. மூக்குத் துவாரத்தில் புல்லின் நுனி எட்டிப் பார்த்தால் இழுக்கத் தோன்றும். அதையும் வைத்தியரிடம் விடுவதே நல்லது.

தொண்டையில் ஏதோ சிக்கியது போல இருக்கும் நாய்

இதைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. விதையோ எலும்போ தொண்டையில் சிக்கிய நாய் ஓங்கரிக்கும், எச்சில் வடிக்கும், விழுங்க முடியாமல் தவிக்கும். விசர் நோய், அதாவது வெறிநோய், பிடித்த நாயும் அதையேதான் செய்யும். தாடை தொங்கி, எச்சில் வடிந்து, எலும்பு சிக்கியது போலவே தோன்றும். இலங்கையில் விசர் நோய் இன்னும் இருக்கிறது. ஆகவே தடுப்பூசி போட்டது உறுதியாகத் தெரியாத நாயின் வாய்க்குள், எச்சில் வடியும் நிலையில், இரக்கப்பட்டுக் கையை விடாதீர்கள். கடிபட்டாலோ, கீறல் உள்ள கையில் எச்சில் பட்டாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பீலித் தண்ணீர் இதற்கு மிக வசதி.

நாயைக் கட்டி வைத்து, பிள்ளைகளை விலக்கிவிட்டு, மிருக வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிகுறியைச் சொல்லுங்கள். மற்ற வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.

மாலையில் பத்து நிமிடம்

தடுப்பது பெரிய வித்தையில்லை, அலுப்பில்லாமல் செய்வதுதான் வித்தை. நாய் புல்லுக்குள் போய்விட்டு வந்த ஒவ்வொரு நாளும், வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால், இஸ்தோப்பில் வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தடவிப் பார்ப்பது. கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். மயிர் வளரும் திசைக்கு எதிராக விரலை ஓட்டினால் விதை உறுத்தும். நான் கால்களில் தொடங்குவேன்: நான்கு காலிலும் விரல் விரலாகப் பிரித்து, மேலேயும், கீழே மெத்தைகளுக்கு நடுவிலும். பிறகு காது மடலின் உள்பக்கம், கண்ணோரம், உதட்டின் கீழ், அக்குள், வயிற்றின் அடி, வாலின் கீழ். பேன் சீப்பால் ஒரு முறை இழுத்தால் மிச்சமும் வந்துவிடும். உண்ணியும் அட்டையும் இந்த வேலையில் இலவசமாக அகப்படும்.

மேலே ஒட்டியிருக்கும் விதையைத் தோலுக்கு மிக அருகில் பிடித்து, நுழைந்த கோட்டிலேயே நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஒடித்தால் கூர் உள்ளே நின்றுவிடும். எடுத்ததைத் தரையில் போடாமல் அடுப்பில் போடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அதுவே மறுபடி ஏறும்.

மயிர் நீண்ட நாய்களுக்கு வறட்சி தொடங்குமுன் ஒரு கவ்வாத்து தேவை. தேயிலைக்கு இருப்பது போலப் பெரிய கவ்வாத்து வேண்டாம். விரல் இடுக்கிலும் காதின் அடியிலும் உள்ள மயிரை மொட்டைமுனைக் கத்தரியால் குறைத்தால் போதும். தொங்கு காதும் சுருள் மயிருமாகப் பங்களாக்களில் வளரும் ஸ்பானியல் வகைக்கு இந்தத் தொல்லை அதிகம். குட்டை மயிரும் நிமிர்ந்த காதுமாகத் திரியும் நம் ஊர் நாய்க்குக் குறைவு. சாதிநாய் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு புல். லயத்தைச் சுற்றியும், பீலிக்கரைக்குப் போகும் பாதையோரத்திலும், மரக்கறித் தோட்டத்தின் வரப்பிலும் நிற்கும் புல்லைக் கதிர் பச்சையாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். முற்றிய பிறகு வெட்டினால் நாமே விதைத்தது போலாகும். பிந்திவிட்டால் வெட்டியதை வாரிக் குவித்து அப்புறப்படுத்துங்கள். மாடு வைத்திருப்பவர்களுக்கு இதில் இரட்டை லாபம், பூக்கும் முன் வெட்டிய புல்லில்தான் சத்தும் அதிகம். முற்றிய கதிரோடு புல்லைக் கட்டிக்கொண்டு வந்து போட்டால் மாட்டின் ஈறிலும் நாக்கிலும் விதை ஏறிப் புண்ணாகும். தீனியை மென்று மென்று கீழே போடும் மாட்டின் வாயை ஒரு தடவை பார்ப்பது நல்லது. ஆட்டுக்குக் கண்ணில் வரும். தேயிலை பிடுங்கிய மலைகளில் மண்ணைத் தேற்ற நடும் குவாட்டமாலாப் புல் கிடைத்தால், மாட்டுக்குப் பத்தனைப் புல்லைவிட அது பயமில்லாதது.

பராமரிப்பின்றிக் காடாகிக் கிடக்கும் தேயிலை மலைகளைப் பற்றியும் ஒரு சொல். இப்போது பல தோட்டங்களில் அப்படியான மலைகள் இருக்கின்றன. புல் இடுப்பளவு நிற்கும். வறட்சிக் காலத்தில் நாயை அங்கே விட வேண்டாம். புல் விதையைவிடப் பெரிய காரணமும் உண்டு, சிறுத்தைக்கு நாய் மிகவும் பிடிக்கும்.

நாய் காலை நக்கத் தொடங்கிய முதல் நாள் என்றால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, காலைப் பத்து நிமிடம் அதில் வைத்திருப்பது, நாளுக்கு இரண்டு முறை. மேலோட்டமாக நிற்கும் விதை சில நேரம் இளகி வரும். அடுத்த நாளும் வீக்கம் அப்படியே இருந்தால் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். ஊசியால் கிண்டுவது, மஞ்சளைக் குழைத்து அப்பி ஓட்டையை மூடுவது இரண்டும் வேண்டாம். வலிக்கு என்று வீட்டிலுள்ள பரசிட்டமோலைக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும், நாய்க்கும் அது பாதுகாப்பானதல்ல. எத்தனை சாதுவான நாயும் வலியில் கடிக்கும், ஆகவே தடவிப் பார்க்கும்போது வேறொருவர் தலையைப் பிடித்துக்கொள்வது நல்லது.

எங்கே போவது? அந்தந்தப் பிரதேசத்தில் அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கும். காதின் ஆழத்திலோ நெஞ்சுக்குள்ளோ போன விதைக்குக் கருவிகள் வேண்டும். அப்படியானால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நாட்டில் கால்நடை வைத்தியம் கற்பிக்கும் பீடம் அங்கேதான் இருக்கிறது. நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஆகவே தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஆட்டோவைத்தான் நம்ப வேண்டும். அந்தச் செலவை நினைத்துத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் தள்ளிப்போட்டேன்.

போனதும், எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், முன்பு மருந்து எடுத்து வற்றித் திரும்பி வந்ததா என்ற மூன்றையும் சொல்லுங்கள். புல் விதையாக இருக்குமோ என்று நீங்களே கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வீட்டில் பிடுங்கிய விதை ஒன்றைக் கடதாசியில் மடித்துக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

மணி இப்போதும் அந்தக் குறுக்குப் பாதையால்தான் ஓடுகிறான், தடுக்க முடியவில்லை. மாலையில் டோர்ச்சை எடுத்தால் தானாகவே வந்து படுத்துக்கொள்வான். மூன்று காலைத் தாராளமாகக் காட்டுவான். வலது முன்காலுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு பிஸ்கட் செலவாகிறது.